அது ‘மர்ம விலங்கு’ அல்ல, மரநாய்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு மச்சில் பதுங்கியிருந்த ‘மர்ம விலங்கு’ கூண்டில் சிக்கியது, பொதுமக்கள் நிம்மதி என்று சென்ற வாரம் தங்கள் நாளிதழில் செய்தி வந்திருந்தது. படத்தைப் பார்த்ததும் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. கூண்டுக்குள் இருந்தது மரநாய். எங்கள் மார்த்தாண்டம் பக்கத்தில் மரப்பட்டி என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பெயர்தான் நாய், உண்மையில் புனுகுப்பூனையின் குடும்பம். அக்கானிக் (பதநீர்) கலயத்தில் வாய் வைத்துவிட்டது என்று பனையேறிகள் அதைத் திட்டாத நாள் கிடையாது. இதில் மர்மம் எங்கே இருக்கிறது?

சில வருடங்களாக எங்கள் தோட்டத்துக்கு ஒரு மரநாய் வந்துபோகிறது. இடது காதில் கிழிசல் இருப்பதால் ஆள் மாறவில்லை என்று தெரியும். இரவு ஒன்பதரை தாண்டினால் மதில்மேல் நடந்து வரும். நிலவு காலத்தில் பதினொன்றுக்கு முன் தலைகாட்டாது. டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித் தாளைக் கட்டிக்கொண்டு அடுக்களை ஜன்னலில் நின்று பார்ப்பேன். பப்பாளியை அது பறிப்பதில்லை. பின்னங்கால்களால் தண்டைப் பற்றித் தலைகீழாக இறங்கி, பழத்தில் ஒரு துளை போட்டு, முகத்தை உள்ளே விட்டு நக்கித் தின்னும். காலையில் வெறுந்தோல் மட்டும் கூடு போலக் காம்பில் தொங்கும். அயினிப் பழம் உதிரும் நாட்களில் மதில்மேல் கிடக்கும் எச்சம் முழுக்க அயினி விதை. கிணற்றடியில் நான் நடாத கூந்தற்பனை ஒன்று இடுப்பளவு வளர்ந்து நிற்கிறது. யார் நட்டது என்று சொல்லவும் வேண்டுமா?

தொல்லையே இல்லை என்று நான் சொல்லவில்லை. எங்கள் மச்சிலும் அது குடியிருந்தது. ரம்பை இலை போட்டு வடித்த சோறு போல ஒரு வாசனை வரும். அந்த வாசனை பாம்பினுடையதுதான் என்று பயந்து என் மாமியாருக்கு ஒரு மாதம் கோழித் தூக்கம்.

ஆனால் கூண்டு வைப்பது வேறு விஷயம். மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் தெருவில் ஒருவர் மரநாயைப் பிடித்து மலையடிவாரத்தில் கொண்டு விட்டார். ஐந்தாம் நாள் மச்சிலிருந்து நாற்றம். ஏறிப் பார்த்தால் பழைய சாக்கின் மேல் கண் திறக்காத மூன்று குட்டிகள் செத்துக் கிடந்தன. ஓடு விலகியிருந்த சந்தினை அவர் அடைக்கவில்லை. இரண்டு மாதத்தில் வேறொரு மரநாய் வந்து சேர்ந்தது.

சில மாதம் பொறுத்தால் குட்டிகள் தாயோடு வெளியே நடமாடத் தொடங்கிவிடும். நான் எங்கள் ஓட்டுச் சந்தின் வாயில் செய்தித்தாளைச் சுருட்டிச் சொருகினேன் (தங்கள் நாளிதழ்தான், மன்னிக்கவும்). அது கீழே விழுந்து கிடந்தால் உள்ளே போக்குவரத்து இருக்கிறது என்று பொருள். தொடர்ந்து ஒரு வாரம் அசையாமல் இருந்த பிறகு கம்பிவலை வைத்து அடைத்தேன். செலவு வலைக்கு மட்டும்தான்.

மரநாய் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் விலங்கு. நினைத்தவர் எல்லாம் கூண்டு வைத்துப் பிடிக்க முடியாது. தங்கள் செய்தியோ கூண்டு வைத்தவரைப் பாராட்டியிருக்கிறது. பிடிபட்டது பெண்ணா, அந்த மச்சில் குட்டிகள் இருந்தனவா என்று நிருபர் இன்னொரு முறை போய் விசாரித்து எழுதுவாரா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மார்த்தாண்டம்