சின்னவளைப் பற்றி நீ கேட்டதற்கு

பாளையங்கோட்டை

அன்புள்ள நண்பா,

ஸ்தோத்திரம். உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. வாட்ஸ்அப்பில் இரண்டு வரி தட்டிவிடாமல் கைப்பட நாலு பக்கம் எழுதியிருக்கிறாய் என்றதுமே, விஷயம் சின்னதில்லை என்று தெரிந்துவிட்டது. இங்கே எல்லாரும் சுகம். எனக்கு முழங்கால், வீட்டில் அவளுக்குச் சர்க்கரை, இரண்டும் ஒரு மாதிரி அடங்கிக் கிடக்கின்றன. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான். ஒரு பொருளைக் கீழே வைக்க முடியவில்லை.

சரி, உன் இளைய மகள் சின்னவள் விஷயத்துக்கு வருகிறேன். நர்ஸிங் முடித்தாயிற்று, லண்டன் வேலைக்கென்று ஆங்கிலப் பரீட்சை வகுப்புக்குப் பணமும் கட்டியாயிற்று, இப்போது போய், பீகாரில் ரக்சௌலில் இருக்கிற டங்கன் மிஷன் மருத்துவமனைக்குத்தான் போவேன் என்கிறாள். அவள் அம்மா, என் தங்கச்சி மாதிரி, இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "சபை வாலிபர் ஐக்கியத்தை நடத்துகிறவன் நீ, நீயே வந்து அவளுக்கு எடுத்துச் சொல்" என்கிறாய். எதை எடுத்துச் சொல்ல? போ என்றா, போகாதே என்றா? அதை மட்டும் நீ எழுதவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லண்டனுக்குப் போகிற நர்ஸ் எல்லாம் தேவனுடைய அழைப்பைத் தட்டிவிட்டுப் போகிறவள் என்று நான் நினைக்கவில்லை. நம் ஆட்கள் 'ஊழியம்' என்றால் பிரசங்க மேடை, வெள்ளை ஜிப்பா, அதோடு முடித்துவிடுகிறார்கள். அப்போஸ்தலன் பவுல் கொரிந்துவில் ஆக்கில்லாவோடு சேர்ந்து கூடாரம் தைத்துக்கொண்டுதானே பிரசங்கித்தார்? ஆகவே பிள்ளை எந்த ஊருக்குப் போகிறாள் என்பதைவிட, யார் கூப்பிட்டுப் போகிறாள் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அதைக் கண்டுபிடிக்க உதவுகிற வேலை நம்மைப் போன்ற கிழடுகளுடையது. வேதாகமத்தில் வருகிற சாமுவேல் கதையில் எல்லாரும் சாமுவேலைத்தான் பேசுவார்கள். எனக்கு வரவர, அந்தப் பையனை வளர்த்த ஆசாரியர் ஏலியைத்தான் பிடிக்கிறது. கண் மங்கிப்போன மனுஷன். நடு ராத்திரியில் பையன் வந்து எழுப்புகிறான். இரண்டு தடவை "நான் கூப்பிடவில்லை, போய்ப் படு" என்று அனுப்பிவிடுகிறார். கூப்பிடுகிறவர் கர்த்தர் என்று மூன்றாம் தடவைதான் புரிகிறது. புரிந்தபின்னும் கர்த்தர் என்ன சொல்வார் என்று அவர் ஊகித்துச் சொல்லவில்லை, கூடவே போய் உட்காரவும் இல்லை. "சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்று பதில் சொல்லக் கற்றுக்கொடுத்துத் திரும்ப அனுப்பினார், அவ்வளவுதான். மறுநாள் காலையில் பையன் கொண்டுவந்த செய்தி ஏலியின் சொந்த வீட்டுக்கு விரோதமானது. அதையும் மறைக்காமல் சொல் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். ஏலியிடம் ஆயிரம் குறை உண்டு, ஆனால் அந்த ஒரு ராத்திரி அவர் நல்ல ஆசிரியர்.

நம் வாலிபர் முகாம்களில் நடப்பது வேறு. கடைசி நாள் ராத்திரி லைட்டைக் குறைத்து, கீபோர்டை மெல்ல வாசிக்கவிட்டு, "உன்னைத் தருகிறாயா, எழுந்து நில்" என்கிறோம். பிள்ளைகள் அழுதுகொண்டே எழும்புகிறார்கள். அந்தக் கண்ணீரை நான் கேலி செய்யமாட்டேன், அதில் பாதிக்கு மேல் நிஜம். ஆனால் திங்கட்கிழமை காலையில் அந்தப் பிள்ளையின் பெயர் யாரிடம் இருக்கிறது? அர்ப்பணித்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு மட்டும் திருச்சபையின் சேகர அறிக்கையில் வந்துவிடும்.

எங்கள் சபையில் ஒரு பையன் இருக்கிறான். பாலிடெக்னிக் முடித்தவன், மைக் செட் வேலை முழுக்க அவன்தான். ஆராதனை முடிந்ததும் வயரை முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் இடையே சுற்றி, முறுக்கு விழாமல் உதறி, ஒவ்வொன்றாக ஆணியில் மாட்டிவிட்டுத்தான் சாப்பிடப் போவான். முகாமில் எழுந்து நின்றவன், எல்லாரும் வேதாகமக் கல்லூரிக்குப் போ என்றதும் திகைத்துப்போய் என்னிடம் வந்தான். "அங்கிள், எனக்கு நாலு பேர் முன்னாடி பேசவே வராதே" என்றான். எரேமியா தீர்க்கதரிசியும் அப்படித்தான் சொன்னார், அது ஒரு சாக்கு இல்லை என்றேன். அப்புறம், "உன் தெருவில் யாரும் கவனிக்காமல் கிடப்பது யார்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு லாரி ஷெட்டில் நிற்கிற பையன்கள் என்றான். இப்போது ஞாயிறு சாயங்காலம் கோயில் பின்னாடி அவர்களுக்கு வயரிங் சொல்லிக்கொடுக்கிறான். இதுதான் அவனுடைய அழைப்பா, இல்லை இதற்கு அப்பால் ஒன்று இருக்கிறதா, அவனுக்கே போகப்போகத் தெரியும்.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடரை எடுத்துக்கொள். ராணிப்பேட்டையில் பிறந்த மிஷனரிப் பிள்ளை; இந்த ஊரே வேண்டாம், அமெரிக்காவிலேயே இருந்துவிடுவோம் என்று நினைத்தவர். அம்மாவுக்குச் சுகமில்லை என்று திண்டிவனம் வந்திருந்தபோது, ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டுகிறார்கள். மூவரின் மனைவியும் பிரசவ வேதனையில். அப்பா டாக்டர்தான், ஆனால் ஆண் டாக்டரைப் பார்க்கவிடமாட்டோம் என்று மூன்று பேரும் திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். ஐடா மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு ஊழியத்துக்கு இறங்கிவிடவில்லை. அமெரிக்கா போய், 1899இல் கார்னெல்லில் மருத்துவப் படிப்பை முடித்து, 1900இல்தான் திரும்பினார். வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்தது 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக வளர்ந்தது. வேதனையைப் பார்த்ததும் அழைப்புதான், உட்கார்ந்து உடற்கூறு மனப்பாடம் செய்ததும் அழைப்புதான்.

உன் மகள் படித்ததும் இப்போது போகக் கேட்பதும் அந்த வழியில்தான். நேபாள எல்லையில் இருக்கிற ரக்சௌலில் அந்த ஆஸ்பத்திரி 1930இல் தொடங்கியது. இன்றும் அங்கே பிரசவ வார்டில்தான் கூட்டம். மகப்பேறு பிரிவில் அவளுக்கு எவ்வளவு ஆசை என்று நீயே மூன்று வருஷமாகப் பெருமையடித்துக்கொண்டிருந்தாய்.

அசரியாவை நம் ஊர்க்காரர் என்று மார்தட்டுகிறோமே, அவரையும் யோசித்துப் பார். வெள்ளாளன்விளைக்காரர். 1903இல் இங்கே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்குச் சீமைக்குப் போங்கள் போங்கள் என்று மற்றவர்களை அனுப்பிக்கொண்டிருந்தவர், 1909இல் தானே குடும்பத்தோடு தோர்ணக்கல்லுக்குப் போய்விட்டார். 1912இல் பேராயர் ஆனது பின்னால் வந்த கதை. ஏலே, நீயும் நானும் எத்தனை வருஷமாக மிஷனரி ஞாயிறில் காணிக்கைத் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறோம்! தட்டில் நம் பிள்ளை வந்து உட்கார்ந்ததும் கை நடுங்குகிறது. நடுங்கட்டும், அது பாவம் இல்லை.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பு என்று சொல்லவில்லை. கல்விக் கடன் பாக்கி இருக்கிறதல்லவா, அதை மேசையில் வைத்துப் பேசு. அதை உன் பென்ஷன் தலையில் கட்டிவிட்டுப் போவதற்குப் பெயர் விசுவாசம் இல்லை. சம்பளம் எவ்வளவு, விடுதி எப்படி, ஹிந்தி யார் சொல்லித் தருவார்கள், முதலில் ஒரு வருஷம் மட்டும் போய்வர முடியுமா, எல்லாவற்றையும் அவளையே விசாரித்து எழுதி வைக்கச் சொல். தேவன் கூப்பிட்டார் என்றால் இந்தக் கேள்விகளுக்கு அவள் கோபப்படமாட்டாள். சேரும்போது தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு நீயே ரயிலேறிப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வா. பார்க்காத ஊர்தான் தாய் மனதில் பூதமாக நிற்கும்.

இன்னொன்று. போவதற்கு முன்னாலேயே அவளை மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்ல வைக்காதே. உங்கள் போதகர் ஐயா கேட்டாலும் கும்பிட்டு மறுத்துவிடு. நாளைக்கு அவளுக்கு அங்கே ஒத்துவராமல் திரும்ப வேண்டியிருந்தால், வெட்கமில்லாமல் திரும்பி வரவேண்டும்.

அடுத்த மாதம் எங்கள் சபையின் அசன விருந்து. மூன்று பேரும் சனிக்கிழமையே வந்துவிடுங்கள். சின்னவளோடு உட்கார்ந்து பேசுகிறேன், அவள் சொல்வதைத்தான் முதலில் கேட்பேன். பந்தியில் குழம்பு வாளி தூக்க ஆள் குறைவாக இருக்கிறது, நீ பழைய வேட்டி ஒன்று எடுத்துக்கொண்டு வா.

உன் அன்பு நண்பன்