லேபில் மெயில் வெளியே போகும் அந்த 587 போர்ட்டைத் திறந்துவிடுங்கள்

ராமேஸ்வரம், கீழக்கரை, ராமநாதபுரம் பக்கத்துக் கல்லூரிகளில் கணினிப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கும், லேபைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் வணக்கம்.

பிள்ளைகளுக்கு கிட் (Git, நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) சொல்லிக்கொடுக்கிறீர்கள், நல்ல விஷயம். ஆனால் பாடம் கிட்ஹப் தளத்தில் புல் ரிக்வெஸ்ட் (‘என் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்ற கோரிக்கை) போடுவதோடு நின்றுவிடுகிறது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கோ, 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அதே கிட்டுக்கோ ஒரு திருத்தம் கொடுத்தால் இன்றைக்கும் அது மெயிலில்தான் போகிறது. நம் கரைக்கு இதைவிடத் தோதான வழி இல்லை. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் கரண்டு, நெட் இரண்டும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. நிரலைத் திருத்தி, கமிட் போட்டு (மாற்றத்தை கிட்டில் பதிந்து), ஃபார்மட்-பேட்ச் கட்டளை கொடுத்து அந்தத் திருத்தத்தை பேட்ச் என்கிற ஃபைலாக எடுத்து வைக்கிற வரைக்கும் நெட்டே வேண்டாம், லேப்டாப்பில் சார்ஜ் இருந்தால் போதும். சின்னத் திருத்தம் என்றால் ஃபைல் சில கேபிதான், ஒரு பாயின்ட் டவர் கிடைத்தாலும் போய்விடும்.

தங்கச்சிமடத்து மாணவி ஒருவர் கெர்னலில் டிரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்) ஒன்றில் எர்ரர் செக் விட்டுப்போயிருந்ததைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார். கல்லூரி லேபிலிருந்து பேட்சை மெயிலில் அனுப்பும் சென்ட்-இமெயில் கட்டளையைக் கொடுத்தால் ஒன்றும் நகரவில்லை, கொஞ்ச நேரத்தில் டைம் அவுட். வெளியே போகும் 587 போர்ட்டை ஃபயர்வாலில் அடைத்து வைத்திருக்கிறார்கள். சரி என்று பிரவுசரில் ஜிமெயிலைத் திறந்து அதிலேயே ஒட்டி அனுப்பினார். அது டேபையெல்லாம் ஸ்பேஸாக்கி, நீளமான வரிகளை மடித்துவிட்டது. கெர்னலில் வரியை உள்ளே தள்ளுவதே டேபால்தான், அதனால் பேட்ச் கெர்னல்காரர்கள் பக்கம் ஏறவே இல்லை. அவர் நிரலில் ஒரு தப்பும் கிடையாது. அதற்கப்புறம் அவர் இந்த வேலையைத் தொடவில்லை, எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

எல்லா மெஷினுக்கும் திறக்கச் சொல்லவில்லை, ஸ்பேம் பயம் நியாயம்தான். இரண்டு மெஷினுக்கு, அதுவும் ஜிமெயிலின் மெயில் அனுப்பும் (எஸ்எம்டிபி) சர்வருக்கு மட்டும் திறந்தால் போதும். மாணவர்கள் தங்கள் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பை ஆன் செய்து சென்ட்-இமெயிலுக்கென்று தனியாக ஆப் பாஸ்வேர்ட் எடுத்துக்கொள்வார்கள். இன்னொன்று, கெர்னல் நிரல் முழுதாக ஜிபி கணக்கில் இறங்கும், அதை மொபைல் டேட்டாவில் இறக்கச் சொல்வது கொடுமை. லேப் சர்வரில் ஒரு காப்பி வைத்தால் பென்டிரைவில் எடுத்துப் போவார்கள்.

அப்புறம் ஒரே ஒரு லேப் வகுப்பு. முதலில் தனக்குத்தானே அனுப்பி, வந்ததை கிட் ஏஎம் (மெயிலில் வந்த பேட்சை நிரலில் ஏற்றும் கட்டளை) கொடுத்து ஏற்றிப் பார்க்கட்டும். பேட்சில் போடும் சைன்ட்-ஆஃப்-பை வரி எதற்கு என்று நிறுத்திச் சொல்லுங்கள்: இந்த நிரலைக் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது என்று பேர் போட்டு உறுதி கொடுப்பது அது, கடமைக்குச் சேர்க்கிற வரி இல்லை. பதில் எழுதும்போது பேட்சைப் பார்க்கும் கெர்னல்காரர்கள் கேட்ட வரிக்குக் கீழேயே எழுத வேண்டும், மேலே எழுதிவிட்டு பழைய மெயிலை முழுசாகத் தொங்கவிடக் கூடாது. பதிலே வராவிட்டால் ஒரு வாரமாவது பொறுத்துத்தான் கேட்க வேண்டும். ‘இதை மாற்று’ என்று ஒற்றை வரியில் பதில் வந்தால் நம் பிள்ளைகள் திட்டு வாங்கியதாக நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். பதில் போட்டவர் நேரம் ஒதுக்கிப் படித்திருக்கிறார், மாற்றி வி2 (இரண்டாவது பதிப்பு) அனுப்பு என்று பக்கத்தில் நின்று சொல்ல உங்களால்தான் முடியும்.

அடுத்த செமஸ்டர் லேப் அட்டவணை போடுவதற்குள் போர்ட் விஷயத்தை முடித்துக் கொடுங்கள். செட்டிங் போட ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், சனிக்கிழமை என்றால் எனக்குத் தோது.

இப்படிக்கு,
மண்டபத்திலிருந்து ஒரு பழைய மாணவன்