பினாங்கு ஃபெரியின் ஓய்வுக்காலம்: இரும்பைக் கவனிப்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பினாங்கின் பழைய ஃபெரிகளைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே இரண்டு கேள்விகள் வந்துவிடுகின்றன. ஓடிக்கொண்டிருந்தவற்றை ஏன் நிறுத்தினார்கள்? ஒன்றையாவது நம் பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் வைத்திருக்க முடியாதா? இரண்டாவது கேள்விக்கு முடியும் என்பதே என் பதில். ஆனால் அதற்கு ஆகும் வேலையும் செலவும் பொதுமக்களுக்குச் சொல்லப்படுவதில்லை. அதற்காகவே இக்கடிதம்.

1894-இல் குவா பெங் கீ என்ற வணிகர் தொடங்கிய படகுச் சேவை, 1920களில் வாகனங்களையும் ஏற்றத் தொடங்கியது. நாம் அறிந்த ஃபெரிகளில் பெரும்பாலானவை 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் வந்தவை. பூலாவ் ரிமாவ், பூலாவ் அங்சா, பூலாவ் காப்பாஸ் என்று தீவுகளின் பெயரைத் தாங்கியவை. முன்னும் பின்னும் ஒரே வடிவம். பெருநிலப் பக்கத்துப் பட்டர்வொர்த்தில் ஒரு முனை வழியாக ஏறும் கார், தீவில் ஜார்ஜ்டவுனின் வெல்ட் கீ துறையில் மறுமுனை வழியாக இறங்கிப் போகலாம். கலத்தைத் திருப்பவே தேவையில்லை. 1985 செப்டம்பரில் 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலம் திறந்ததும் கார்கள் அந்தப் பக்கம் போயின. 2014-இல் இரண்டாவது பாலமும் வந்தது. காருக்கு 7 ரிங்கிட் 70 சென், நடந்து வருபவருக்கு 1 ரிங்கிட் 20 சென், அதுவும் தீவுக்குப் போகும்போது மட்டும் என்ற கட்டணத்தில், வயதான கலங்களின் பழுதுச் செலவை எந்த நிர்வாகமும் தாங்கியிருக்காது. 2021 ஜனவரி 1 முதல் நான்கு சக்கர வாகனங்கள் ஏற்றப்படுவதில்லை. 2023 ஆகஸ்டில் வந்த தெலுக் பஹாங், தெலுக் டுயோங், தெலுக் கம்பி, தெலுக் கும்பார் ஆகிய நான்கு புதிய கலங்களிலும் பயணிகளுக்கும் சைக்கிள், மோட்டார் சைக்கிள்களுக்கும் மட்டுமே இடம்.

கார் ஃபெரியின் உழைப்பு மற்ற கப்பல்களின் உழைப்பைப் போன்றதல்ல. தூரப் பயணக் கப்பலின் எஞ்சின் நாள்கணக்கில் ஒரே வேகத்தில் ஓடும். மூன்று கிலோமீட்டர் நீரிணையைக் கடக்கும் ஃபெரியோ கிளம்பியதுமே நிற்பதற்குத் தயாராக வேண்டும். வேகம் கூட்டுவது, குறைப்பது, எதிர்த்திசையில் தள்ளி நிறுத்துவது என்று கிளட்சும் கியர் பெட்டியும் நாளெல்லாம் அடிபடும். குறைந்த சுமையில் நீண்ட நேரம் ஓடும் டீசல் எஞ்சினில் எரியாத எண்ணெய்யும் கரியும் படிந்து பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முறை துறையில் அணையும்போதும் முனைத் தகடுகள் இடி வாங்கும். ஒரு இடி ஒன்றும் செய்யாது. பல ஆண்டு இடியில் தகட்டை உள்ளிருந்து தாங்கும் எஃகுச் சட்டங்களின் வெல்டிங் ஓரங்களில் மயிரிழை விரிசல் பிறக்கும்.

வாகனத் தளம் தனிக்கதை. டயர்கள் பெயின்டைத் தேய்க்கின்றன. மழையில் நனைந்து வரும் லோரிகள் மண்ணையும் தண்ணீரையும் கொட்டுகின்றன. தண்ணீர் வடியும் துளைகளைக் குப்பை அடைத்தால் அந்த மூலையில் உப்புநீர் தேங்கி, மேலே பெயின்ட் நன்றாகத் தெரியும்போதே தகடு அடியிலிருந்து உப்பிக்கொண்டு வரும். துளைகளை அடைபடாமல் வைத்திருப்பதற்குப் பாதுகாப்புக் காரணமும் உண்டு. அகன்ற தளத்தில் சில சென்டிமீட்டர் தண்ணீர் நின்றாலே, கலம் சாயும்போது அத்தனையும் ஒரே பக்கம் ஓடி, நிமிரும் சக்தியைக் கெடுத்துவிடும்.

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். கலத்தை டாக்கில், அதாவது தண்ணீரை விட்டு வெளியே வைத்துப் பழுதுபார்க்கும் தளத்தில், ஏற்றியதும் மீயொலிக் கருவியால் தகட்டின் கனத்தைப் புள்ளி புள்ளியாக அளப்பார்கள். பத்து மில்லிமீட்டரில் போட்ட தகடு ஏழரைக்கு வந்துவிட்டால், அதாவது கால் பங்கு போய்விட்டால், வெட்டி மாற்றவேண்டும் என்பது பொதுவான வழக்கு. சில பகுதிகளுக்கு இன்னும் கடுமையான வரம்பு உண்டு. நீருக்குள் எப்போதும் இருக்கும் தகடு ஆண்டுக்கு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்தான் இழக்கும். அலை நனைத்து வெயில் உலர்த்தும் நீர்மட்டப் பட்டையில் இழப்பு அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. நாற்பது வயதுக் கலத்தில் ஒரு தகட்டை மாற்றப் போனால், வெல்டிங் பிடிப்பதற்குப் பக்கத்துத் தகட்டில் கனம் இருக்காது. அதையும் வெட்ட வேண்டும், பிறகு அதற்கு அடுத்ததை. இரண்டு சதுர மீட்டர் என்று தொடங்கும் வேலை இருபதில் போய் நிற்கும். இதற்கு எஞ்சின் உதிரிபாகத் தட்டுப்பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுபதுகளின் எஞ்சினுக்கு சிலிண்டர் லைனரும் எரிபொருள் பம்பும் கடையில் கிடைப்பதில்லை. ஒரு கலத்தைப் பிரித்து மற்றொன்றை ஓட்டவேண்டும்.

இரண்டாவது கேள்வியே எனக்கு முக்கியம். 2002-இல் வந்த ‘பூலாவ் பினாங்’ இப்போது ஜார்ஜ்டவுன் கரையில் மிதக்கும் அருங்காட்சியகமாக நிற்கிறது. வரவேற்க வேண்டிய முயற்சி. ஆனால் கரையில் கயிற்றால் கட்டிவைத்த கலத்துக்கு வேலை இல்லை, ஆகவே தேய்மானமும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. ஓடும் கலத்தைத் தினமும் ஆட்கள் இறங்கிப் பார்க்கிறார்கள். நிற்கும் கலத்தின் அடியறைகளில் மாதக்கணக்கில் விளக்குகூட எரிவதில்லை.

கலத்தின் அடியில் பூசும் பெயின்ட் பெரும்பாலும் ஓட்டத்தை நம்பி வேலை செய்வது. நின்றால் சில மாதங்களிலேயே கொட்டலசும் சிப்பியும் கனமாக அப்பிவிடும். கரையிலிருந்து மின்சாரம் எடுப்பது அதைவிடப் பெரிய ஆபத்து. கரை மின்சாரத்தின் எர்த் கம்பி, கலத்தின் எஃகையும் ஜெட்டியின் இரும்பையும் பக்கத்தில் கட்டியிருக்கும் படகுகளையும் ஒரே சுற்றில் சேர்த்துவிடும். அப்போது கசியும் மின்னோட்டத்தில், எஃகுக்குப் பதிலாகத் தாம் கரைவதற்கென்றே கலத்தின் அடியில் பொருத்தும், மூன்றாண்டு தாங்கவேண்டிய துத்தநாகக் கட்டிகள் சில மாதங்களில் கரைந்து, அடுத்து தகட்டிலேயே குழி விழும். கலத்தின் மின்சுற்றைக் கரையிலிருந்து பிரித்துவைக்கும் பிரிப்பு டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை இடையில் வைத்தால் இது நிற்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முக்குளிப்பவரை இறக்கிக் கட்டிகளைப் பார்த்து, பாதிக்குமேல் கரைந்தவற்றை மாற்றவேண்டும்.

கட்டிய இடத்தில் கப்பல் மூழ்குவதற்குப் பெரும்பாலும் புயல் காரணமல்ல. ஒரு பழைய வால்வு, ஒரு துருப்பிடித்த குழாய், அவ்வளவுதான். எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீர் இழுத்த துளைகள் இனித் தேவையில்லை என்றால் வெளிப்பக்கம் தகடு வைத்து வெல்டிங் செய்து மூடிவிட வேண்டும். உந்துவிசை எந்திரம் உடலைத் துளைத்து வெளியே போகும் இடத்தையும் அப்படியே அடைக்கவேண்டும். ஒவ்வொரு அடியறையிலும் தண்ணீர் ஏறினால் ஒலிக்கும் மிதவை ஸ்விட்ச், கரை மின்சாரம் போனாலும் பேட்டரியில் ஓடும் பம்ப், தினமும் காலையில் அளவுகோல் இறக்கி எழுதும் ஒரு குறிப்பேடு. இவை மூன்றும் இருந்தால் பத்தில் ஒன்பது விபத்துகள் நடக்காது என்பது என் கணிப்பு. மழைநீரையும் மறக்கக்கூடாது. மேல்தளக் கூரையின் ஓட்டை வழியாக இறங்கும் நன்னீர், உள்ளே இருந்து துருவை வளர்க்கும்; பார்வையாளர் கண்ணுக்குப் படவே படாது.

உணவகம், குளிர்சாதனப் பெட்டிகள், அலங்கார மேடை என்று மேல்தளத்தில் சேர்த்துக்கொண்டே போவதும் கூடாது. ஒவ்வொன்றும் கலத்தின் எடை மையத்தை உயர்த்துகிறது. அறியப்பட்ட எடைகளைப் பக்கவாட்டில் நகர்த்திச் சாய்வை அளந்து பார்க்கும் சோதனையை, பெரிய மாற்றம் எதுவானாலும் அதன் பிறகு மீண்டும் செய்யவேண்டும். பட்டாசு பார்க்க எல்லாரும் ஒரே பக்கம் ஓடினால் என்ன சாய்வு வரும் என்பதும் அந்தக் கணக்கில் இருக்கவேண்டும். கூட்டத்தின் பாரம் என்ன செய்யும் என்பதை 1988 ஜூலை 31 அன்று பட்டர்வொர்த் ஃபெரி முனையம் இடிந்து 32 உயிர்கள் போனபோதே பார்த்துவிட்டோம்.

ஆகவே பொறுப்பில் உள்ளவர்களிடம் கேட்பது இவற்றைத்தான். கலம் அடுத்து எந்த ஆண்டு டாக்கில் ஏறும், அதற்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று அறிவியுங்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை என்பதைத் தள்ளிப்போடாதீர்கள். நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கைத் தனிக்கணக்கில் இதற்கென்றே வையுங்கள்.

மற்ற பழைய கலங்களில் எதையாவது உடைக்க நேர்ந்தால், முதலில் எண்ணெய்த் தொட்டிகளைக் காலிசெய்து, தீப்பற்றும் வாயு இல்லை என்ற சான்று பெற்றபிறகே எஃகைத் தீச்சுடரால் வெட்டும் கருவி உள்ளே போகவேண்டும். எழுபதுகளின் கலம் என்றால் புகைபோக்கி உறைகளில் கல்நார் இருக்கலாம். தகுந்த கவசம் அணிந்த ஆட்கள் நனைத்து எடுக்கவேண்டும். பழைய பெயின்ட் அடுக்குகளில் ஈயம் இருக்கலாம். வெட்டும் புகையை மூச்சில் வாங்குபவர்கள் தொழிலாளர்கள்தான்.

வெட்டுவதற்கு முன்பாகவே சுக்கான் சக்கரம், எஞ்சின் அறைக்கு வேக ஆணை அனுப்பும் கருவி, மணி, பெயர்ப்பலகை ஆகியவற்றை எடுத்துவிடலாம். எஞ்சின் அறைக் குறிப்பேடுகளும் வரைபடங்களும் அவற்றைவிட மதிப்புள்ளவை. குறிப்பாக ‘பூலாவ் பினாங்’ கலத்தின் டாக்கிங் வரைபடம் பத்திரமாக இருக்கவேண்டும். டாக்கில் கலத்தைத் தாங்கும் மரக்கட்டைகளை உள்ளே இருக்கும் எந்த எஃகுச் சட்டத்துக்கு நேராக அடுக்குவது என்று அதில்தான் இருக்கும். அது தொலைந்தால் முக்குளிப்பவரை இறக்கி அடியை அளந்து புதிதாக வரையவேண்டும். கட்டை இடம் மாறினால் கலத்தின் பாரமே அடித்தகட்டை உள்ளே அமுக்கிவிடும். அதன் நகல் ஒன்று அருங்காட்சியகத்திலும், இன்னொன்று மாநில ஆவணக் காப்பகத்திலும் இன்றே வைக்கப்பட வேண்டும்.

இப்படிக்கு,
கப்பல் பராமரிப்புத் துறையைச் சேர்ந்த வாசகர்,
பட்டர்வொர்த்