பன்சோரி கேட்கும் மகனுக்கு

அன்புள்ள தம்பி,

நீ கேட்டதற்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களுக்குச் சம்மதம். கொரியாவில் முதுகலை படிக்க விண்ணப்பம் போடு. அப்பாவுக்கும் இதே எண்ணம்தான். போனில் இதை மட்டும் சொல்லி வைத்திருக்கலாம். ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு உன்னிடம் பேச நிறைய இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

உறவுக்காரர்கள் பேசுவது உன் காதுக்கும் வந்திருக்கும். பொறியியல் படிக்கிற பையன் கொரியப் பாட்டில் மயங்கி, கிடைக்கிற வேலையை விட்டுவிட்டு எங்கேயோ போகிறான் என்கிறார்கள். வயசுக் கோளாறு, தானாகத் தெளிந்துவிடும் என்று எனக்கு ஆறுதல் வேறு. அந்த ஆறுதல் எனக்கு வேண்டியதில்லை. ஆரம்பம் பாட்டும் தொடர் நாடகமும்தான், உண்மை. ஆரம்பம் எதுவாக இருந்தால் என்ன? கல்லூரிக்குப் போன முதல் வருடம் நீ யாரோடும் பேசாமல் கிடந்தாய். போன் செய்தால் "ம்", "சாப்பிட்டேன்", "வைக்கிறேன்", அவ்வளவுதான். அப்போது நான் பட்ட பயத்தை அப்பாவிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. அப்புறம் ஒரு நாள் நீயாகவே கூப்பிட்டு, ஹங்குல் என்ற கொரிய எழுத்து முறையில் மெய்யெழுத்துகளின் வடிவம் நாக்கும் உதடும் தொண்டையும் இருக்கும் நிலையைப் பார்த்து அமைத்தது என்று மூச்சுவிடாமல் சொன்னாய். செஜோங் மன்னர் 1443இல் அந்த எழுத்துகளை உருவாக்கி 1446இல் நாட்டுக்கு அறிவித்தார் என்றாய். சீன எழுத்து படித்த அறிஞர்கள் எதிர்த்தும் அவர் விடவில்லை என்றாய். புத்திசாலி ஒரு காலைப் பொழுதுக்குள் கற்றுவிடுவான், மந்தமானவனுக்கும் பத்து நாள் போதும் என்று அந்தக் காலத்து நூலிலேயே எழுதி வைத்திருக்கிறார்களாமே, அதையும் சொன்னாய். எனக்குப் பாதி விளங்கவில்லை. என் பிள்ளைக்குப் பேச்சு திரும்ப வந்துவிட்டது என்பது விளங்கியது. அன்றிலிருந்து அந்த மொழிக்கு நான் கடன்பட்டவள்.

ஆனால் நான் நிமிர்ந்து உட்கார்ந்தது, கொரியர்களின் கதைப்பாட்டான பன்சோரி ஒன்றை நீ அனுப்பியபோதுதான். ஒரு பாடகி கையில் விசிறியோடு நிற்கிறார். பக்கத்தில் ஒருவர் தரையில் உட்கார்ந்து ஒற்றை மத்தளத்தைத் தட்டுகிறார். வேறு வாத்தியம் கிடையாது, வேடம் கிடையாது. கதை சொல்வதும், பாடுவதும், எல்லாப் பாத்திரமாகவும் மாறி அழுவதும் சிரிப்பதும் அந்த ஒரே ஆள். கண் தெரியாத தகப்பனுக்குப் பார்வை கிடைக்க வேண்டும் என்று தன்னையே கடலோடிகளுக்கு விற்றுக்கொண்ட சிம் சோங் என்ற பெண்ணின் கதை அது என்று நீ எழுதியிருந்தாய். ஒரு சொல்லும் தெரியாமல் கேட்டேன். அந்தக் குரலில் இருந்த கரகரப்பு இருக்கிறதே, அதை அழகுபடுத்தி மறைக்காமல் அப்படியே கொடுக்கிறார்கள். அது என்னை என்னவோ செய்தது.

நடுநடுவே மத்தளக்காரர் குரல் கொடுக்கிறார், கூட்டத்தில் இருப்பவர்களும் கொடுக்கிறார்கள். அங்கேதான் எனக்குத் தாத்தா ஞாபகம் வந்தார். வில்லுப்பாட்டில் குடத்தடியில் உட்கார்ந்து, புலவர் இழுக்கும் ஒவ்வொரு அடிக்கும் "ஆமா" போடுவாரே, அந்த ஏற்பு இல்லாமல் கதை ஒரு அடி நகராது. நீ அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவன். கொரியாவில் அப்படிக் குரல் கொடுப்பதைச் சுயிம்சே என்பார்கள், முதலில் மத்தளக்காரர், அடுத்துதான் பாடகர் என்று அங்கே ஒரு வழக்கே உண்டு என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் தாத்தாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். கேட்பவன் சும்மா கேட்டால் போதாது, பாடுகிறவரைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பது உனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அதனால்தான் உன் வயதுப் பிள்ளைகள் தள்ளிவிட்டுப் போகிற ஒன்றில் உன் காது நின்றுவிட்டது என்று நினைக்கிறேன்.

ஒரு காலத்தில் பன்னிரண்டு கதைகள் இருந்தன, இன்று ஐந்துதான் முழுதாக மிஞ்சியிருக்கின்றன, நீளமானதை முழுக்கப் பாட எட்டு மணி நேரம்கூட ஆகும் என்கிறார்கள். 1964இலேயே அரசாங்கம் பாதுகாக்க வேண்டிய கலை என்று அறிவித்து, 2003இல் யுனெஸ்கோவும் ஏற்றிருக்கிறது. அதாவது, அந்த நாட்டிலேயே இதைக் கைவிடாமல் காக்க ஆட்கள் மெனக்கெட வேண்டியிருக்கிறது. உன்னைப் போல் தூரத்திலிருந்து ஒருவன் வந்து கேட்பது அவர்களுக்கும் சின்ன விஷயமாக இருக்காது.

இதைச் சொல்லப் போனால் சித்தப்பா உடனே, கொரியா நமக்குச் சொந்தம்தான் என்று இளவரசி கதையை எடுக்கிறார். 13ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்ற புத்த துறவி தொகுத்த சம்குக் யுசா என்ற கொரிய நூலில் அது இருக்கிறது. கி.பி. 48இல் ஆயுதா என்ற நாட்டு இளவரசி கடல் வழியாகக் கொரியாவுக்கு வந்து சுரோ என்ற மன்னரை மணந்தாள், ஹோ ஹ்வாங்ஓக் என்று பெயர், கிம்ஹே நகரில் அவளுடையது என்று சொல்லும் கல்லறையும் இருக்கிறது. அவள் ஊர் அயோத்தி என்று வட இந்தியாவில் சொல்லி நினைவிடம் கட்டியிருக்கிறார்கள். நம் ஆட்கள் தமிழகத்து ஆய் நாட்டு இளவரசி செம்பவளம் என்கிறார்கள். போதாததற்கு, ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் நூறு வருடத்துக்கு முன்பே கொரிய இலக்கணத்தைத் திராவிட மொழிகளோடு ஒப்பிட்டு எழுதியிருப்பதையும் காட்டுகிறார்கள். இன்றைய மொழியியல் அறிஞர்கள் பெரும்பாலும் அந்த உறவை ஏற்பதில்லை. இந்த வழக்கு எந்தப் பக்கம் தீர்ந்தாலும் உனக்கு ஒன்றும் கூடப் போவதில்லை, குறையப் போவதில்லை. சொந்தம் என்று நிரூபித்தால்தான் நேசிக்கலாம் என்றால் அது என்ன நேசம்? அந்நியமாக இருந்த ஒன்றை ராத்திரி பகலாகக் கற்று நீ நெருங்கியிருக்கிறாய். அந்தப் பெருமை உன் உழைப்புக்கே இருக்கட்டும்.

இப்போது நான் உன்னிடம் கேட்க நினைப்பதற்கு வருகிறேன். நீ நேசிக்கும் நாட்டின் துக்கத்தையும் படித்துவிட்டுப் போ. படிப்பு முடிந்ததும் நேரம் கிடைத்தால் பார்க்கலாம் என்று தள்ளிவைக்காதே, போவதற்கு முன்பே படி.

நானே தேடிப் படித்ததில் ஒன்றைச் சொல்கிறேன். 1983 ஜூன் 30 இரவு, கேபிஎஸ் தொலைக்காட்சியில் கொரியப் போரில் பிரிந்த குடும்பங்களைத் தேடும் நேரடி நிகழ்ச்சி ஒன்று தொடங்கியது. ஒரு இரவோடு முடியவேண்டிய நிகழ்ச்சி. முடிக்க முடியவில்லை. ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நவம்பர் 14 வரை, 138 நாட்கள், மொத்தம் 453 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. ஒரு லட்சம் பேருக்கு மேல் பதிவு செய்ய, பத்தாயிரத்துச் சொச்சம் குடும்பங்கள் சேர்ந்தன. சியோலில் யோயிதோ என்ற இடத்தில் இருக்கும் அந்த நிலையத்தின் சுவர், தரை, வாசல் எங்கும் தாள் ஒட்டியிருந்தது. அப்பா பெயர், பிரிந்த ஊர், உடம்பில் இருந்த தழும்பு, இப்படி நினைவில் மிஞ்சியதை எல்லாம் எழுதி மார்பில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். பிரிந்தபோது குழந்தையாக இருந்தவர்களுக்குத் தங்கள் பெயரே சரியாகத் தெரியவில்லை. அந்த ஒளிப்பதிவுகளில் சிலவற்றைப் பார்த்தேன். முப்பது வருடம் கழித்துத் திரையில் அக்காவைப் பார்த்த ஒருவர் பேச முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை.

கொரியத் தொடர்களில் பிரிந்தவர்கள் சேரும் காட்சி வந்தால் மிகையாக அழுகிறார்கள் என்று இங்கே சிலர் சொல்வதுண்டு. இதைப் பார்த்த பிறகு எனக்கு அது மிகையாகத் தெரியவில்லை. 1953 ஜூலை 27இல் போர் நிறுத்தம்தான் ஆனது, சமாதான ஒப்பந்தம் இன்னும் ஆகவில்லை. வட கொரியாவில் தங்கிவிட்ட தம்பியையோ மகளையோ நினைத்துக்கொண்டு கிழவர்கள் இறந்துகொண்டிருக்கிறார்கள். நீ அங்கே ஒரு பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தால் இதெல்லாம் பின்னால் இருக்கும் என்று தெரிந்துகொண்டு பேசு.

மொழியும் அப்படித்தான். ஜப்பான் ஆட்சியில் அகராதி தொகுத்துக்கொண்டிருந்த கொரிய மொழிக் கழகத்தாரை 1942இல் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள், இருவர் உள்ளேயே இறந்தார்கள். பறிபோன கையெழுத்துப் படி, விடுதலை கிடைத்த 1945இல் சியோல் ரயில் நிலையத்துக் கிடங்கு ஒன்றில் கிடைத்திருக்கிறது. உன் மேசையில் இருக்கும் அகராதிக்குப் பின்னால் இப்படி ஒரு வரலாறு.

அதே யோயிதோவில்தான் அவர்களுடைய நாடாளுமன்றமும் இருக்கிறது. 2024 டிசம்பர் 3 இரவு குடியரசுத் தலைவர் ராணுவச் சட்டம் அறிவித்தபோது, சில மணி நேரத்துக்குள் உறுப்பினர்கள் உள்ளே போய் வாக்களித்து அதை நீக்கச் செய்தார்கள். 1980 மே மாதம் குவாங்ஜுவில் ராணுவம் சொந்த மக்களைச் சுட்டதை மறக்காத நாடு அது. அந்த டிசம்பர் அறிவிப்புக்குப் பிறகு வந்த குளிர்கால இரவுகளில் ஆயிரக்கணக்கான இளம் பெண்கள், பாட்டுக் குழுக்களின் நிகழ்ச்சிக்கு எடுத்துப் போகும் ஒளிக்குச்சிகளைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றார்கள். ரசிகர் கூட்டம் என்று ஏளனமாகப் பேசுகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன். பாட்டை உயிராக நேசித்த அதே பிள்ளைகள்தான் மக்களாட்சிக்காகவும் பனியில் நின்றார்கள்.

சரி, இனி பயப்படுகிற அம்மாவாகப் பேசுகிறேன். நீ நேசிப்பதால் அந்த நாடு உன்னைத் திருப்பி நேசித்தாக வேண்டும் என்று இல்லை. அவர்கள் பிள்ளைகளையே அது லேசாக விடுவதில்லை. நவம்பரில் நடக்கும் சுனுங் என்ற கல்லூரி நுழைவுத் தேர்வில் ஆங்கிலம் கேட்டு எழுதும் பகுதி நடக்கும்போது விமானங்களைக்கூட நிறுத்திவைக்கிற ஊர். வயதுக்கும் பதவிக்கும் தலை வணங்குவது நாடகத்தில் பார்க்க அழகு, அதற்குள் இருந்து வேலை செய்வது வேறு. நிறத்தைப் பார்த்து முடிவு செய்கிறவர்களும் இருப்பார்கள். எல்லா வகைப் பாகுபாட்டையும் தடுக்கும் ஒரு பொதுச் சட்டம் கொண்டுவரப் பல வருடமாக முயல்கிறார்கள், இன்னும் நிறைவேறவில்லை. நீ வாய் திறந்து அழகாகக் கொரிய மொழி பேசுவதற்கு முன்பே ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் உனக்கு வலிக்கும். மற்றவர்களைவிட உனக்கு அதிகமாக வலிக்கும். அப்படி நடந்தால் மனதுக்குள் வைத்துப் புழுங்காதே, அன்றைக்கே எங்களைக் கூப்பிடு. அதற்காக இத்தனை நாள் நேசித்தது பொய் என்றும் முடிவு கட்டிவிடாதே.

இன்னொன்று. இலங்கையிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் ஒப்பந்த வேலைக்கு வந்தவர்கள் அங்கே வயல்களிலும் தொழிற்சாலைகளிலும் இருக்கிறார்கள். உன் நிறத்தை வைத்து உன்னையும் அவர்களில் ஒருவன் என்று யாராவது நினைத்தால், "நான் மாணவன்" என்று அவசரமாக விலகிக்கொள்ளாதே. அவர்கள் பார்க்கும் கொரியா உன் பாடப் புத்தகத்தில் இருக்காது. அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடு, கேட்டுத் தெரிந்துகொள்.

படிக்கும் பல்கலைக்கழகம் எது என்பதை நீயே தேர்ந்தெடு, எங்களுக்கு அதில் சொல்லத் தெரியாது. ஆனால் சியோலிலேயே முடங்கிவிடாதே. பன்சோரி வளர்ந்த மண் தென்மேற்கே ஜொல்லா பக்கம் என்கிறாய். ஜொன்ஜுவுக்கும் நாம்வொனுக்கும் போ. ஐந்து கதைகளில் ஒன்றையாவது ஆரம்பம் முதல் கடைசிவரை நேரில் உட்கார்ந்து கேள். யாராவது பெரியவர் மத்தளம் சொல்லிக் கொடுக்கச் சம்மதித்தால் கற்றுக்கொள். முதுகலைப் பட்டத்தைவிட எனக்கு அது பெரிதாகப் படுகிறது, அப்பாவிடம் இதைச் சொல்லிவிடாதே.

கொரிய அரசு உதவித்தொகைக்கான விண்ணப்ப விவரத்தை வரிவரியாகப் படித்தோம். முதல் வருடம் மொழிப் படிப்பு, அடுத்த இரண்டு வருடம் முதுகலை, முதுகலை தொடங்க டோபிக் என்ற கொரிய மொழித் தேர்வில் மூன்றாம் நிலை கட்டாயம், ஐந்தாம் நிலை இருந்தால் மொழி வருடம் தேவையில்லை. நீ ஐந்தாம் நிலைக்கே படி என்பது அப்பாவின் கருத்து. மொழி வருடம் இருந்தால் நிதானமாக ஊரைப் பழகிக்கொள்ளலாம் என்பது என் கருத்து. மதிப்பெண் நூற்றுக்கு எண்பதுக்குக் குறையக் கூடாது என்றிருக்கிறது. ஆகவே கடைசி செமஸ்டரில் அரியர் எதுவும் வைக்காதே, இதில் எந்தத் தளர்வும் கிடையாது.

பெற்றோரின் குடியுரிமைச் சான்றும் கேட்கிறார்கள். அப்பாவுக்குப் பாஸ்போர்ட் இருக்கிறது. எனக்கு இல்லாததால் விண்ணப்பித்துவிட்டேன். உன் சான்றிதழ்களை அப்பா தனியாக எடுத்து வைத்திருக்கிறார், வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அப்போஸ்டில் முத்திரை வாங்க எதை எதைக் கொடுக்க வேண்டும் என்று பட்டியல் எழுதி அனுப்பு. பேராசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் இந்த வாரமே கேட்டுவிடு, அவர் விடுமுறையில் போய்விட்டால் சிக்கல்.

அன்புடன்,
அம்மா