'எல்லாம் உனக்குத்தானேடா'

ஆசிரியர் அவர்களுக்கு,

விவசாயக் குடும்பங்களில் சொத்து அடுத்த தலைமுறைக்குப் போவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உயில், பதிவு, வரி எல்லாம் தெளிவாகவே இருந்தன. ஆனால் ஓர் ஆளை விட்டுவிட்டீர்கள்: சம்பளமே இல்லாமல் நிலத்தோடு தங்கிவிட்ட பிள்ளை.

எங்கள் வீட்டில் அது என் தம்பி. நானும் அக்காவும் படித்து வேலைக்குப் போய்விட்டோம். அவன் பதினெட்டு வயதிலிருந்து அப்பாவுடன் காட்டிலேயே கிடந்தான். சம்பளம் என்று பேச்செடுத்தால், "எல்லாம் உனக்குத்தானேடா" என்பார் அப்பா. நாங்களும் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறோம். எழுதித்தான் வைக்கவில்லை.

அவர் போன பிறகு மூன்று சம பங்கு. காகிதத்தில் நியாயமாகத்தான் தெரிந்தது. அளந்து கல் நட்டபோது கிணறு என் பங்கில் விழுந்தது, வண்டிப்பாதை அக்கா பங்கில். தம்பிக்கு வந்த துண்டுக்குத் தண்ணீர் போக வேண்டுமானால் எங்கள் இருவர் நிலத்தையும் தாண்டிக் குழாய் பதிக்க வேண்டும். கடைசியில் அவன் கடன் வாங்கி எங்கள் பங்குகளை வாங்கினான். இருபது வருஷம் தான் திருத்திய மண்ணுக்கே விலை கொடுத்தான். அந்தப் பணத்தை வாங்கியவர்களில் நானும் ஒருவன்.

இது நம் வீட்டுக் கதை மட்டும் இல்லை. இங்கிலாந்தில் பண்ணையில் கணிசமான பங்கு தனக்கு வரும் என்ற பேச்சை நம்பி, முப்பது வருஷத்துக்கு மேல் குறைந்த கூலிக்கு உழைத்த ஒரு மகனை, மனஸ்தாபம் வந்ததும் பெற்றோர் உயிலிலிருந்து நீக்கிவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2022-இல்தான் முடிந்தது. இப்போதே பணமாகக் கொடுக்கலாம், அல்லது தங்கள் காலத்துக்குப் பிறகு அவனுக்குச் சேரும்படி எழுதி வைக்கலாம். எது என்பதைப் பெற்றோரே முடிவு செய்துகொள்ளட்டும் என்றது நீதிமன்றம். வாய்ச்சொல்லுக்கு மதிப்பு கிடைத்தது, சரி. ஆனால் குடும்பம்?

ஜெர்மனியின் சில மாநிலங்களில் உள்ள ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. பண்ணை உடையாமல் ஒரு வாரிசுக்குப் போகும். மற்றவர்களுக்குச் சந்தை விலையை விடக் குறைவான ஒரு தொகை. ஆனால் பண்ணை கைக்கு வந்து இருபது வருஷத்துக்குள் அதை விற்றுக் காசாக்கினால், அதில் உடன்பிறந்தவர்களும் பங்கு கேட்கலாம். உழுதால் உனக்கு, விற்றால் எல்லோருக்கும். பண்ணையை ஒப்படைக்கும் பெரியவர்களுக்குத் தங்க இடம், சாப்பாடு, கவனிப்பு ஆகியவற்றையும் அங்கே பத்திரத்திலேயே எழுதிக்கொள்ளும் பழக்கம் உண்டு. நம் பெரியவர்கள் எழுதாமல் தள்ளிப்போடுவதற்கு முக்கியக் காரணமே அந்தப் பயம்தானே? எழுதிக் கொடுத்துவிட்டு நடுத்தெருவில் நிற்பேனோ என்று. அதைக் கேலி செய்யாமல், அதற்கும் சேர்த்து ஒரு பத்தி எழுதியிருக்கலாம்.

அப்புறம், நிலம் மாறினால் மட்டும் போதாது, நிர்வாகமும் மாற வேண்டும். எந்த வால்வைத் திருகினால் எந்த வயலுக்குத் தண்ணீர் என்பது தம்பிக்கு இருட்டிலும் தெரியும். வரவு செலவு தெரியாது. அது அப்பாவின் சட்டைப்பையில் இருந்த சின்ன நோட்டில் இருந்தது. அவர் போன பிறகு திறந்தால், பக்கத்துக்குப் பக்கம் ஓர் எழுத்து, ஓர் எண். 'மு 12' என்று ஒரு வரி. பன்னிரண்டு மூட்டையா, பன்னிரண்டாயிரமா, கொடுத்ததா, வர வேண்டியதா? நாங்கள் மூவரும் ஒரு ராத்திரி முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நாற்பது வயதுவரை உரம் வாங்கக்கூட அப்பாவிடம் கேட்டு நின்றவனுக்கு, ஒரே நாளில் கடனும் கணக்கும் வந்து சேர்ந்தன.

தம்பி மகளுக்கு இப்போது இருபது வயது. அவனோடு வயலில் நிற்கிறாள். மாதா மாதம் அவள் பெயரில் சம்பளம் போடுகிறான். கணக்கு நோட்டும் அவள் கையில்தான்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்