மணி ஒலிக்காத நாளில் எங்களோடு நின்றவர்களுக்கு

கிறிஸ்துவில் அன்பார்ந்த எங்கள் பங்கு மக்களுக்கும், பங்குக்கு வெளியேயிருந்து எங்களுக்குத் தோள் கொடுத்த அனைவருக்கும்,

உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகளோடும் நெஞ்சு நிறைந்த நன்றியோடும் இம்மடலை எழுதுகிறேன்.

எங்கள் அம்மா 2025 ஏப்ரல் 17-ஆம் நாள், பெரிய வியாழன் இரவு 11 மணிக்குப் பின் இறைவனடி சேர்ந்தார். மறுநாள் காலையிலேயே அடக்கம் செய்ய வேண்டியிருந்ததால், வந்தவர்களின் கையைப் பிடித்து ஒரு சொல் பேசக்கூட எங்களால் இயலவில்லை. வீடு வீடாகச் சென்று நன்றி சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால், ஒருவர் செய்த உதவி அடுத்த வீட்டுக்காரருக்கே தெரியாத அளவுக்கு நீங்கள் சத்தமில்லாமல் செய்திருக்கிறீர்கள் என்பது பிறகுதான் புரிந்தது. எல்லாரும் செய்ததை எல்லாரும் அறியட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று நீங்கள் கேட்டுக்கொண்டதை மட்டும் மீறவில்லை.

மார்பில் தொடங்கிய புற்றுநோய் அம்மாவின் முதுகெலும்பு வரை பரவிவிட்டது என்று பிப்ரவரி மாதம் தெரியவந்தது. இனி நோயைத் துரத்துவதற்கு வழியில்லை, வலியைத் தணித்து வீட்டில் நிம்மதியாக வைத்துக்கொள்வதே நல்லது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். கோயம்புத்தூரில் வேலையில் இருந்த நான் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். வந்த அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அழுவது ஒன்றுதான். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்த செவிலியர்தான் அருகில் அமர்ந்து ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுத்தார். மார்ஃபின் மாத்திரையை வலி வந்த பிறகு கொடுக்கக்கூடாது, வலி எழாதபடி கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்றார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்காவிட்டால், எலும்பு துருத்திய இடங்களில் இரத்தவோட்டம் தடைபட்டுப் படுக்கைப் புண் வந்துவிடும் என்றும், முதுகெலும்பில் நோய் இருப்பதால் உடல் முறுகாமல் ஒரே அசைவில் திருப்ப இரண்டு பேராவது வேண்டும் என்றும் சொன்னார். அம்மா, அந்தச் செவிலியர் வரும் நாளை எதிர்பார்த்துத் தலைவாரிக்கொண்டு காத்திருப்பார் என்பதை அவருக்கு இம்மடலின் வழியாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை, ஒவ்வொரு முறைக்கும் இரண்டு பேர். தம்பி விசைப்படகில் தங்கல் தொழிலுக்கு, அதாவது கடலிலேயே தங்கி மீன் பிடிக்கப் போகிறவன். வீட்டில் நான் ஒருத்திதான். இந்தக் கணக்கை நான் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் அன்பியத்துப் பெண்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தாங்களாகவே இதைப் பேசி, பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளில் நேரத்தையும் வீட்டையும் எழுதிக் கொண்டுவந்து எங்கள் சமையலறைச் சுவரில் ஒட்டினார்கள். பக்கத்துப் பக்கத்து வீடுகள் கூடிச் செபிக்கும் சிறு குழுவுக்கு அன்பியம் என்று தமிழ்த் திருச்சபை பெயர் வைத்தபோது எதை நினைத்து வைத்தார்களோ, அந்தத் தாளைப் பார்த்த பிறகு அச்சொல்லை நான் முன்பு போல் எளிதாக உச்சரிப்பதில்லை. அதிகாலை 2 மணிக்கு எதிரே இருந்தது, மதில் தகராறில் ஏழு ஆண்டுகளாக எங்களோடு பேச்சுவார்த்தை இல்லாத வீட்டு அக்காவின் பெயர். முதல் இரவு அவர் கதவைத் தட்டியபோது நான் திகைத்து நின்றேன். அவரோ என்னைக் கடந்து உள்ளே போய், கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, அம்மாவின் தோளுக்கடியில் கையைக் கொடுத்தார். அம்மா கண்ணைத் திறந்து அவரைப் பார்த்து, "வந்துட்டியா" என்று மட்டும் கேட்டார். மதிலைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. கடைசி நாள் வரை அம்மாவின் உடலில் ஒரு புண் கூட இல்லை.

தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அம்மாவை அழைத்துச் செல்லவும், பின்னர் மாத்திரை வாங்கி வரவும் ஆட்டோ ஓட்டிய காயல்பட்டினத்து அண்ணனுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். இவ்வாண்டு எங்கள் தவக்காலமும் அவர்களுடைய ரமலான் மாதமும் மார்ச் மாதத்தில் ஒன்றாக வந்தன. வாயில் தண்ணீர் கூடப் படாமல், பங்குனி வெயிலில், மேடுபள்ளம் பார்த்து மெல்ல வண்டியை ஓட்டி, அம்மா முனகும் இடத்திலெல்லாம் நிறுத்தி நிறுத்தி அவர் அழைத்துச் சென்றார். ஒருநாள் திரும்பி வர இருட்டிவிட்டது. வழியில் ஒரு பள்ளிவாசலில் நோன்பு திறந்தவர், தமக்குக் கொடுத்த நோன்புக் கஞ்சியில் பாதியை ஒரு தூக்கில் வாங்கிவந்து அம்மாவுக்குக் கொடுத்தார். பல நாள்களாகச் சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்ட அம்மா, அன்று நான்கு கரண்டி குடித்தார்.

வருத்தம் தந்த ஒன்றையும் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் நீங்கள் செய்ததன் அருமை முழுவதும் விளங்காது. செபிப்பதற்காக வெளியூரிலிருந்து வந்த ஒருவர், அம்மா கேட்கும்படியாகவே, "விசுவாசம் குறைவாக இருப்பதால்தான் குணம் கிடைக்கவில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அன்று இரவெல்லாம் தூங்கவில்லை. தமக்கு விசுவாசம் இல்லையோ என்று என்னிடமே இரண்டு முறை கேட்டார். 1542-இல் சவேரியார் வந்திறங்கிய இந்த முத்துக்குளித்துறையில் தலைமுறை தலைமுறையாகச் செபமாலை உருட்டி வந்த குடும்பத்தில் பிறந்து, கணவரைக் கடலுக்குக் கொடுத்த பிறகும் ஒருநாள் கூடப் பூசையைத் தவறவிடாத ஒருவரைக் கேட்க வைத்த கேள்வி அது. எனக்குக் கோபம் வந்தது. கூடவே, என் விசுவாசமும் தளர்ந்தது என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறேன். குணம் கிடைப்பதுதான் விசுவாசத்தின் அளவுகோல் என்றால், கெத்சமனித் தோட்டத்தில் "இத்துன்பக் கிண்ணம் என்னைவிட்டு அகலட்டும்" என்று மன்றாடியவருக்கு அது அகலவில்லையே என்று எனக்குள் நான் வாதாடிக்கொண்டே இருந்தேன். வாதத்தால் எனக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. 2 மணிக்குத் தட்டப்பட்ட கதவினால் கிடைத்தது.

பெரிய வியாழன் இரவு, திருப்பலி முடிந்து, நற்கருணை இடமாற்றப் பவனியும் முடிந்து, கோயிலில் நள்ளிரவு ஆராதனை நடந்துகொண்டிருந்தது. அம்மாவின் மூச்சு மாறியதைக் கேட்டு நான் சொல்லி அனுப்பியபோது, முழந்தாளில் இருந்த பெண்களில் ஆறு பேர் எழுந்து வந்துவிட்டார்கள். "ஒரு மணி நேரம் கூட விழித்திருக்க முடியாதா" என்று ஆண்டவர் கேட்டதைத்தான் அங்கே வாசித்துக்கொண்டிருந்தார்களாம். உபதேசியார் வந்து செபம் சொல்ல, அவர்கள் சுற்றி அமர்ந்து செபமாலையின் துக்க தேவரகசியங்களைச் சொல்ல, ஐந்தாம் தேவரகசியம் முடிவதற்குள் அம்மாவின் மூச்சு நின்றது.

எங்கள் ஊரில் சாவு என்றால் முதலில் கோயில் மணி சொல்லும். ஆனால் பெரிய வியாழன் திருப்பலியில் 'உன்னதங்களிலே' பாடும்போது ஒலித்து ஓயும் மணி, சனிக்கிழமை இரவுப் பாஸ்கா திருவிழிப்பில் மீண்டும் 'உன்னதங்களிலே' பாடும்வரை ஒலிக்காது. பெரிய வெள்ளியன்று அடக்கம் என்றால் திருப்பலி இல்லை, பாட்டு இல்லை, இசை இல்லை, மணி இல்லை என்று பங்குத்தந்தை எங்களைத் தனியே அழைத்து மிகுந்த தயக்கத்தோடு சொன்னார். அம்மாவுக்கு மணி கூட இல்லையே என்று அப்போது மனம் ஆறவில்லை. எங்கள் ஊர் இளைஞர்கள் அந்த இரவில் தெருத்தெருவாக நடந்து, ஒவ்வொரு வாசலிலும் நின்று, தாழ்ந்த குரலில் செய்தி சொல்லிவிட்டு வந்தார்கள். விடியும்போது வீடு நிறைந்திருந்தது.

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியிருந்தது. 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அதில் போகிறவர்களுக்கு அந்நாள்களில் கூலி கிடையாது. அப்படிப்பட்ட வீடுகளிலிருந்துதான் பெட்டிக்கும் பந்தலுக்கும் பணம் வந்தது என்பதை ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையார் சொல்லித்தான் அறிந்தேன். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று அவர்கள் சொல்லவில்லை.

குழிக்கு இடம் கிடைக்காத நிலையும் இருந்தது. கல்லறைத் தோட்டம் நிரம்பிவிட்டது. அப்பாவின் உடல் கடலிலிருந்து கிடைக்காததால் எங்களுக்கென்று குடும்பக் கல்லறையும் இல்லை. மேலத்தெருப் பெரியவர் ஒருவர், தம் மனைவியின் கல்லறைக்குப் பக்கத்தில் தமக்கென்று விட்டு வைத்திருந்த இடத்தைக் காட்டி, "இடம் யாருக்கு முன்னால தேவையோ அவங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, தம் பிள்ளைகள் ஏதும் பேசுவதற்கு முன் மண்வெட்டியை வரச்சொன்னார். பாட்டில்லாமல், செபமாலையின் முணுமுணுப்பு மட்டும் கேட்க, அந்த மணலில் அம்மாவை வைத்தோம்.

அன்று பிற்பகல் 3 மணிக்கு யோவான் எழுதிய பாடுகளின் வரலாற்றை வாசிக்கக் கேட்டபோது, ஆண்டுதோறும் கேட்டும் என் செவியில் விழாமல் போன கடைசிப் பகுதி முதல்முறையாக விழுந்தது. அரிமத்தியா யோசேப்பு பிலாத்துவிடம் போய் உடலைக் கேட்டு வாங்குகிறார். அவர் கொடுத்தது தமக்கென்று வெட்டி வைத்திருந்த கல்லறை என்கிறார் மத்தேயு. நிக்கதேம் நூறு இராத்தல் வெள்ளைப்போளமும் அகிலும் கலந்து சுமந்து வருகிறார். வாரத்தின் முதல் நாள் விடியுமுன் நறுமணப் பொருள்களோடு புறப்பட்ட பெண்களுக்கு, வாயிலில் இருக்கும் கல்லை யார் புரட்டுவார் என்பதே தெரியாது. இவர்களில் ஒருவரும் உயிர்ப்பை எதிர்பார்த்து இதையெல்லாம் செய்யவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துத்தான் செய்தார்கள். நன்றி சொல்லக்கூட இயலாத ஓர் உடலுக்குச் செய்தார்கள். வெற்றுக் கல்லறையை முதலில் கண்டவர்கள், பிணத்துக்குப் பூச வந்த அந்தப் பெண்கள்தான்.

அம்மா பிழைக்க மாட்டார் என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் இரவு 2 மணிக்கு எழுந்து வந்தீர்கள். அந்த வெளியூர்க்காரரின் வார்த்தைக்கு நான் தேடிக்கொண்டிருந்த பதிலை, அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்த உங்கள் கைகளில் கண்டேன்.

சனிக்கிழமை இரவுத் திருவிழிப்புக்குப் போக எனக்கு மனமில்லை. மதிலுக்கு அப்பாலிருந்த அக்காதான் அழைத்துப்போனார். இருட்டில் பாஸ்கா திரி ஏற்றி, "கிறிஸ்துவின் ஒளி இதோ" என்று பாடி, ஒருவர் திரியிலிருந்து ஒருவராக ஒளி பெற்று, வாசகங்கள் முடிந்து, 'உன்னதங்களிலே' தொடங்கியபோது எல்லா மணிகளும் ஒன்றாக ஒலித்தன. மணி அடிக்கும் கோயில் பணியாளரான கோயில்பிள்ளை அன்று வழக்கத்தைவிட வெகுநேரம் அடித்தார். பிறகு கேட்டபோது, "அம்மாவுக்குச் சேர வேண்டியதையும் சேர்த்து அடிச்சேன்" என்றார். அவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. திங்கட்கிழமை திருத்தந்தை பிரான்சிஸ் இறந்த செய்தி வந்து அதே மணி துக்கத்துக்காக ஒலித்தபோது, எங்கள் வீட்டுத் துக்கமும் அதில் கரைந்திருந்தது.

மீதமிருந்த மார்ஃபின் மாத்திரைகளைச் செவிலியரிடம் ஒப்படைத்துவிட்டோம். காற்று மெத்தையும் சக்கர நாற்காலியும் பங்கு அலுவலகத்தில் இருக்கின்றன. தேவைப்படும் எவரும், எந்தச் சமயத்தவரும், கேட்டு எடுத்துக்கொள்ளலாம். சுவரில் ஒட்டிய தாளை மட்டும் நான் வைத்துக்கொண்டேன்.

முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலி மே 16, வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு நடைபெறும். அதன்பின் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மீன் குழம்புச் சோறு. காயல்பட்டினத்து அண்ணன் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். உயிர்த்த ஆண்டவர் இரவெல்லாம் உழைத்துக் களைத்து வந்தவர்களுக்காகக் கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்து, உணவருந்த அழைத்தார் என்பது அம்மாவுக்கு மிகவும் பிடித்த நற்செய்திப் பகுதி. தடைக்காலமாதலால் வள்ளத்து (நாட்டுப்படகு) மீன்தான் கிடைக்கும். அன்று நீங்கள் ஒரு பாத்திரத்தையும் தொடக்கூடாது. வந்து உட்கார்ந்தால் போதும், தம்பியும் நானும் பரிமாறுகிறோம்.

என்றும் நன்றியுடன்,
அம்மாவின் பிள்ளைகள்