அப்டேட் நின்றுவிட்டால் பார்மட் வேண்டாம்

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள சேகர்,

இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தினமும் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து படித்துக் காட்டுகிறார். உன் கடை எப்படி ஓடுகிறது? முகூர்த்த மாதம், பத்திரிகை வேலை குவிந்திருக்கும்.

விண்டோஸ் போல ஒரு இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டில் அப்டேட் கொடுத்தால் பாதியில் அப்படியே நின்றுவிடுகிறது, பார்மட் செய்துவிடவா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் எழுதுகிறேன்.

எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று முதலில் பார். பேக்கேஜ்களை (புரோகிராம் பொதிகளை) இறக்கும்போது 0%-லேயே நின்றால் கோளாறு பெரும்பாலும் இணைப்பில்தான். அவற்றை இறக்கும் புரோகிராமான ஆப்ட், ஐபிவி6 என்ற புதிய இணைய முகவரி முறை வழியாக சர்வரைத் தேடிப்போகும்; அந்த வழி சரியில்லாத நெட்டில் பதிலுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். இந்தக் கட்டத்தில் கன்ட்ரோல் சி அடித்து நிறுத்தலாம், எதுவும் கெடாது. மிரரை, அதாவது அதே பேக்கேஜ்களின் நகலை வைத்திருக்கும் சர்வரை, மாற்றிப் பார். அதற்கும் அசையாவிட்டால் பழைய முறையான ஐபிவி4 வழியாக மட்டும் போகும்படி ஆப்ட்டுக்குச் சொல்ல ஒரு செட்டிங் இருக்கிறது, நேரில் காட்டுகிறேன்.

பேக்கேஜைப் பிரித்து நிறுவும் கட்டத்தில் நின்றால் மட்டும் அவசரப்பட்டு பவர் பட்டனில் கை வைக்காதே. பழைய ஹார்டு டிஸ்க்கில் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அப்டேட் வந்தால், பூட் ஆகும்போது முதலில் ஏறும் இனிட்ராம்ஃபெஸ் என்ற ஃபைலை உருவாக்கவே நிமிடக்கணக்கில் ஆகும். டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்று, அது நின்றிருக்காது, உன்னிடம் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கும். தேவனாம்பட்டினத்தில் நாங்கள் மாலை வகுப்பு நடத்தும் இடத்தில், 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த பழைய மெஷின்கள் சில இருக்கின்றன. அதில் ஒன்று போன வாரம் டெர்மினலில் (கட்டளை தட்டும் திரையில்) நீலப் பின்னணியும் நடுவில் சாம்பல் பெட்டியுமாக நின்றது. ஒரு பையன் 'ஓகே' மேல் மவுஸால் கிளிக் செய்துகொண்டே இருந்தான், அசையவில்லை. அந்தப் பெட்டிக்கு மவுஸ் தெரியாது. டேப் விசையால் நகர்ந்து என்டர் தட்ட வேண்டும். கேள்வி, பூட் மெனுவைக் காட்டும் கிரப் என்ற புரோகிராமின் செட்டிங் பற்றியது. முன்பு யாரோ பூட் மெனு காத்திருக்கும் நேரத்தை மாற்றியிருக்கிறார்கள். அதை அப்படியே வைக்கவா, புதியதைப் போடவா என்று கேட்கிறது. இருப்பதையே வைக்கச் சொல்லி என்டர் தட்டியதும் மளமளவென்று ஓடி முடிந்தது. நீ அப்டேட் மேனேஜரில் ஓட்டுவதால் இப்படி ஒரு கேள்வி 'டீட்டெயில்ஸ்' பகுதிக்குள் ஒளிந்திருக்கலாம். அதைத் திறந்து பார்.

லாக் ஃபைலை, அதாவது இரண்டு அப்டேட் ஒரே நேரத்தில் ஓடாமல் பூட்டப் பயன்படும் ஃபைலை, அழித்துவிடு என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். அந்த யோசனை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அந்த ஃபைல் எப்போதும் அங்கேதான் இருக்கும். அது இருப்பதால் பூட்டு விழுவதில்லை. ஓடும் புரோகிராம் அதைப் பிடித்து வைத்திருக்கும்போதுதான் பூட்டு, புரோகிராம் முடிந்ததும் தானாக விடுபட்டுவிடும். பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடும்போது நீ அந்த ஃபைலை அழித்தால், இரண்டு புரோகிராம் ஒரே நேரத்தில் பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜியின் பதிவேட்டில் எழுதும். அப்புறம் உண்மையிலேயே பார்மட்தான். யார் பிடித்திருக்கிறார்கள் என்று பிராசஸ் எண்ணோடு ஆப்ட்டே காட்டும். அது முடியும்வரை விடு.

நடுவில் கரன்ட் போய்விட்டாலும் பயப்படாதே. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது இங்கே ஒரு மெஷின் அப்படித்தான் அணைந்தது. கரன்ட் வந்ததும் டெர்மினலில் 'சுடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ', அடுத்து 'சுடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்'. (ஆங்கிலத்தில் sudo dpkg --configure -a, பிறகு sudo apt --fix-broken install என்று தட்டச்சு செய், இரட்டைக் கோடுக்குப் பின் இடைவெளி கூடாது.) பாதியில் விட்டதை அதுவே முடித்துக்கொண்டது.

ஒன்று செய். அடுத்த முறை நிற்கும்போது திரையின் கடைசி வரியைப் போட்டோ எடுத்து அனுப்பு. திரை தெரியவில்லை என்றால் வார், லாக், ஆப்ட் (/var/log/apt) என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டராக உள்ளே போ; இந்த 'லாக்' பூட்டு அல்ல, பதிவு. நிறுவும் கட்டத்தில் நின்றிருந்தால், டெர்ம் லாக் (term.log) என்ற ஃபைலின் கடைசியில் அதே வரி இருக்கும். ஞாயிறு மதியம் நான் பாண்டி வருகிறேன், கடையில் இரு. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

அன்புடன்,
ரவி